பித்தளை வைக்காத இணைப்பு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சுவரை உடைத்ததும், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதற்கு முன்பே, நமக்கு முன்னால் வேலை செய்தவனைத் திட்டிவிட வேண்டும். ரூசே நகரத்தில் முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். வேலையில் பிசகியிருக்கிறேன், திட்டுவதில் ஒருநாளும் பிசகியதில்லை.

வெலிச்கா அக்காவின் சமையலறைச் சுவரை உடைத்தபோதும் அப்படித்தான்.

"எந்தக் கழுதைடா செஞ்ச வேலை இது!"

"நல்லாக் கேளு மாஸ்டர்," என்றான் பக்கத்தில் நின்ற கட்டடப் பொறுப்பாளன் கிரில். "சுவரெல்லாம் ஈரம். இந்தம்மாவுக்குத் தண்ணின்னா அவ்வளவு ஆசை. படி கழுவுனது பத்தலபோல."

அந்தக் குத்தல் அக்காவுக்கு. ஜனவரியில், மாடிப்படி கழுவும் முறை அவளுக்கு வந்த நாளில், கீழ்ப்படியில் தண்ணீர் உறைந்து கிடந்தது. வாசல் கதவில் கண்ணாடி கிடையாது. குளிர் நேராக உள்ளே வரும். கீழ்வீட்டு மனோல் அதில் வழுக்கி இடுப்பொடிந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்றைக்கு வாளியைத் தொடவே இல்லை என்று அக்கா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இன்று நாற்பதாம் நாள். மனோலின் மனைவி தோன்கா, வழக்கப்படி இறந்தவர் நினைவுக்காக வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி வீடு வீடாகக் கொடுத்திருந்தாள். இந்தக் கதவை மட்டும் தட்டவில்லை.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். செம்புக் குழாயை நேராகப் பழைய இரும்புக் குழாயில் முறுக்கியிருந்தது. நடுவில் பித்தளைத் துண்டு இல்லை. செம்பும் இரும்பும் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் இரும்புதான் சாகும். ஊறிய ரொட்டியைப் போல உதிர்ந்திருந்தது. கசிந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கிப் போன தடம் துருவாகத் தெரிந்தது. இந்தச் சுவரின் அடியில்தான் அந்தக் கீழ்ப்படி.

கசிவு அடைக்க இணைப்பில் சுற்றிய சணலின்மேல் நீலச் சாயம். இந்த ஊரில் எல்லாரும் சிவப்புத்தான் பூசுவார்கள். மலிவாகக் கிடைத்ததென்று ஒரு டப்பா நீலம் வாங்கிய கழுதை ஒன்றே ஒன்று.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், புனித நிகோலா நாள். என் பெயருக்கான திருநாள்; நிகோலாவைத்தான் ஊரில் கோல்யோ என்று சுருக்கிவிட்டார்கள். அழைக்காமலே விருந்தாளிகள் வந்துவிடுவார்கள், வீட்டில் அடுப்பில் கெண்டை மீன். பித்தளைத் துண்டு வாங்கக் கடையும் பூட்டியிருந்தது. "அடுத்த வாரம் வந்து பித்தளை வெச்சுடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

அக்கா நீலத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நீ சொல்லு கோல்யோ. நாஞ்சொன்னாத்தான் யாரும் நம்ப மாட்டாங்களே."

கிரில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. "விடு மாஸ்டர். பழசையெல்லாம் கிளறாத. அப்புறம் இந்த ஊர்ல ஒரு வீட்டுல உன்னைக் கூப்பிடுவாங்களா?"

தண்ணீரை அடைத்தேன். இணைப்பை அறுத்தெடுத்துக்கொண்டு கீழே போனேன்.

தோன்கா கதவைத் திறந்தாள். துக்கத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஒரு கிண்ணம் கோதுமையை என் கையில் வைத்தாள். இன்னொரு கையில் துரு. சொன்னேன். பண்டிகை, பூட்டிய கடை, மீன் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ வெலிச்கா?"

"அக்கா படியே கழுவல."

அந்தத் துருத்துண்டை விரலால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள்.

"மீன் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு," என்றேன்.

என் கையிலிருந்த கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே வெலிச்காவின் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

கதவு உடனே திறக்கவில்லை.