மிக்கேல் வீட்டுக் கதவு

எங்க தெருவுல கதவுங்க, நாம பேசுறது அதுங்களுக்குப் புரிஞ்சாத்தான் திறக்கும். புது ஆளு வந்தா ஒரு சத்தம் கேட்டாப் போதும். இனிமே அந்த ஆளு பேசுறதுல எது புரியும், எது புரியாதுன்னு கதவு முன்கூட்டியே சொல்லிரும். இதுவரைக்கும் தப்புனதில்ல. நான் மிமிக்ரி பண்றவன். நான் தும்முன ஒரு தும்மலைத்தான் இந்தக் கதவு கேட்டுச்சு. "மேடையில பேசுறது புரியும். வீட்டுல பேசுறது புரியாது"ன்னுச்சு. என் பொண்டாட்டியும் அதையேதான் சொல்லுவா.

என் சேக்காளி மிக்கேலுக்குப் பக்கவாதம் வந்து நாக்கு குழறிப்போச்சு. இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்தோம். நாக்கு மாறுனா ஆளும் புதுசுதான், கதவு மறுபடி கேக்கும். புரியலைன்னா வெளியதான் இருக்கணும். எதிர்வீட்டு ராயப்பன் அப்படித்தான் வேப்பமரத்தடியில குடியிருக்காரு.

மிக்கேல் பொண்டாட்டி பிலோமி என் காதுல சொன்னா: "அண்ணே, அவுக பழைய குரல்ல நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. ஊரையே ஏமாத்துதீக, ஒரு கதவை ஏமாத்த முடியாதா?"

"பிலோமி, சோறு ஆறுது"ன்னு அவன் பழைய குரல்லயே சொன்னேன். அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"நல்லாருக்கு. தும்முன ஆளுதானே? தள்ளி நில்லு"ன்னுச்சு கதவு.

மிக்கேல் வாயைத் திறந்தான். "பி..." அவ்வளவுதான் வந்துச்சு.

கதவு யோசிச்சுது. தெருவுல இருந்த எல்லாக் கதவும் கூடச் சேந்து யோசிச்சுது. ஒரு கொண்டி ஆடல. அந்த ஒத்தைச் சத்தத்துக்குள்ள அவன் இனி பேசப்போற அத்தனையும் அதுக்குக் கேட்டுக்கிட்டிருந்துச்சு.

"தண்ணி கேட்டா பாதி புரியும். கோவப்பட்டா ஒண்ணும் புரியாது. அடுத்த மழைக்கு ஒரு பாட்டு பாடுவான். அதுவும் புரியாது, ஆனா நல்லாருக்கும். தூக்கத்துல பேசுறது மட்டும் முழுசாப் புரியும்."

"அப்ப தூங்குங்க"ன்னு பிலோமி வாசல்லயே அவனை மடியில சாய்ச்சுக்கிட்டா. மீன் வண்டிக்காரர் எஞ்சினை அமத்திட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போனாரு. நான் வாயைத் திறக்குமுன்ன பிலோமி ஒரு பார்வை பாத்தா.

மிக்கேல் தூங்கிட்டான். கொஞ்ச நேரங்கழிச்சுத் தெளிவா, "வீட்டுக்கு வந்துட்டேன்"ன்னான். அவன் பழைய குரலைவிட நல்ல குரல். எத்தனை வருசம் பழகுனாலும் என் தொண்டைக்கு அது வராது.

கதவு திறந்துச்சு. ஆனா தூக்குனா முழிச்சிருவான். அதனால வீடே மெல்ல முன்னால நகந்து வந்துச்சு. நான் செருப்பை எடுத்துக்கிட்டு ஒதுங்கி நின்னேன். ரெண்டு பேரையும் உள்ள எடுத்துக்கிட்டு அது பழையபடி பின்னால போச்சு.