படகுக்காரனும் மண்குதிரையும்

‘ஏழுகல் ராஜ்ஜியம்’ என்ற மாயாஜாலப் படக்கதையை மாதா மாதம் வரைந்துகொண்டிருந்த ஆள் நான்தான். பெயர் துளசிராம், வீடு கோச்சடை. தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் பஸ் ஏறுகிற இடத்திலெல்லாம் அந்தப் புத்தகம் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும்.

வாசகர்கள் என்னைப் பெரிய ஞானி என்று நினைத்துக்கொண்டார்கள். ஏழு கற்கள் என்பது ஏழு பிறவியாம். மூன்றாவது கல்லில் விழுந்த விரிசல் நாட்டின் பொருளாதாரமாம். விளாங்குடியிலிருந்து ஒரு வாத்தியார், ராஜகுமாரி எப்போதும் இடப்பக்கமே பார்ப்பதில் ஏதோ தத்துவம் இருப்பதாகப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வலப்பக்கம் திரும்பிய மூக்கு எனக்குச் சரியாக வராது. இதை அவருக்கு எழுதிப் போட்டேன். என் தன்னடக்கத்தைப் பாராட்டிப் பதில் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒளித்துவைத்தவை இல்லாமலும் இல்லை. ராட்சசனுக்கு அச்சக முதலாளியின் தொந்தியைக் கொடுத்திருந்தேன். நாகராணியின் உடம்பில் இருந்தது என் மனைவி சாரதாம்பாளின் சுங்குடிச் சேலைப் புள்ளிகள். மந்திரவாதி கண்ணை உருட்டிச் சொல்லும் பயங்கர மந்திரம், எங்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர பாஷையில் ‘ரசத்துக்குப் புளி கரைத்தாயா’ என்பதுதான். அவன் வசிக்கும் குகைமலை நம்ம சமணர் மலை. இதில் எதையும் ஒரு ஞானியும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு கார்த்திகை மாதம் காலையில் ரோகிணி வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சமணர் மலைக்குக் கீழே, கீழக்குயில்குடிக்குப் பக்கத்து ஊர் என்றாள். கையில் பங்குனியில் வந்த என் புத்தகம். டீக்கடையில் பழைய பேப்பரோடு கிடந்ததாம்.

“அண்ணே, இந்த மலை எங்க ஊரு மலைதான?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருத்தியாவது கண்டுபிடித்தாளே!

“இந்தக் குதிரையெல்லாம் எங்க அய்யனாருக்கு எடுத்த புரவி. இந்தா, ஒத்தக் காது ஒடஞ்ச குதிரை. கொண்டுவாரப்ப ஒடஞ்சுபோச்சு.”

அதுவும் சரிதான். நேர்த்திக்கடனாகச் செலுத்தும் மண்குதிரைகளை மந்திரவாதியின் குதிரைப்படையாக்கியிருந்தேன். அவள் விரல் நகர்ந்து, குதிரைகளுக்குப் பின்னால் ஆலமரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆளின்மேல் நின்றது. தலையில் துண்டு, இடது காலை மடக்கி வலது காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.

“இது எங்க வீட்டுக்காரரு அழகுபாண்டி. மஞ்சுவெரட்டுல மாடு குத்துனதுல இருந்து அந்தக் கால மடக்க முடியாது.”

போன கார்த்திகையில் வைகையில் வெள்ளம் வந்தபோது தரைப்பாலத்தில் அவன் வண்டி மட்டும்தான் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. வருஷம் திரும்பிவிட்டது என்று வருகிற புதன்கிழமை கருமாதி வைத்து, அவள் தாலியைக் கழற்றப்போகிறார்கள்.

“அவரு போனது கார்த்திகையில. புரவி எடுத்தது மாசியில. செத்தவரு எப்படிண்ணே புதுக் குதிரைக்குப் பின்னால உக்காந்திருப்பாரு?”

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் வேலை செய்யும் விதம் அப்படி. மரத்தை ஓர் ஊரில் வரைவேன், மாட்டை இன்னோர் ஊரில், ஆளை எங்காவது டீக்கடையில். எல்லாவற்றையும் கண்ணாடிமேல் வைத்து, அடியில் பல்பைப் போட்டு, ஒரே தாளில் நகலெடுத்துச் சேர்ப்பேன். அந்த ஆள் ஆலமரத்தடியில் உட்காரவே இல்லை. வெள்ளத்துக்கு முந்தைய சித்திரை வெயிலில், திண்டுக்கல் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். நன்றாக நினைவிருந்தது, பேச்சுக்கூடக் கொடுத்தான்.

சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“நாளைக்கு எங்க மூத்தாரக் கூட்டிட்டு வாரேன். வீட்டுக்காரருக்கு அண்ணன். அவருகிட்ட மாசியில பாத்தேன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்.”

அவள் போனபிறகு சாரதாம்பாளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கேட்டதே வேறு.

“பார்த்தேன்னு சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?”

“நாளைக்கு அவன் வரலைன்னா? அந்தப் பொண்ணு காலம் பூராவும் காத்துக்கிட்டு இருக்கணுமே.”

“பார்க்கலைன்னு சொன்னா புதன்கிழமையே அறுத்துடுவாங்களே.”

மறுநாள் வரைக்கும் ஒரு கோடுகூடப் போட ஓடவில்லை. கடைசியில் பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். பறக்கிற கல்லையும் பேசுகிற பாம்பையும் வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு பொய்யா என்று தேற்றிக்கொண்டேன்.

மூத்தார் முத்திருளன் முறைத்துக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தவர் செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளி விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ரோகிணி கதவோரம் நின்றாள்.

“சொல்லுங்க சார். எங்க தம்பிய எப்பப் பாத்தீக?”

“மாசியில. புரவி எடுத்த மறுநாள். ஆலமரத்தடியில உட்கார்ந்திருந்தார்.”

சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது. அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. மஞ்சள் பையிலிருந்து என் இன்னொரு புத்தகத்தை எடுத்து மேஜையில் விரித்தார். வெள்ளத்துக்கு முந்தைய புரட்டாசி இதழ். ராஜகுமாரியை ஆற்றைக் கடத்திவிடும் படகுக்காரன், தலையில் துண்டு, வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

மறந்தே போயிருந்தேன். நல்ல உருவம் அமைந்துவிட்டால் இரண்டு மூன்று இடத்தில் போட்டுத் தீர்ப்பது என் வழக்கம். அவசரத்தில் எல்லா ஓவியனும் செய்வதுதான்.

“இதுவும் அவன்தான். ‘அண்ணே, என்னையப் பொஸ்தகத்துல போட்டுட்டாக’ன்னு என்கிட்டக் கொண்டாந்து காட்டுனான். ரெண்டு படமும் ஒரே அச்சு சார். துண்டு மடிப்புகூட மாறல.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

“நீங்க அந்தப் புள்ளைக்கு எரக்கப்பட்டுச் சொல்லிட்டீக. தப்பா எடுத்துக்கல. எங்க ஆத்தா சீனியம்மா படுத்த படுக்கையா கெடக்கு. ‘நான் கண்ண மூடுறதுக்குள்ள அவனுக்கு எள்ளுந்தண்ணியும் எறைச்சிருங்கடா’ங்குது. நான் என்ன செய்ய? இத இந்தப் புள்ளகிட்டக் காட்ட எனக்குத் தெம்பில்ல. வரைஞ்ச நீங்க எடுத்துச் சொல்லுவீகன்னு நம்பி வந்தேன்.”

ரோகிணி கதவோரத்திலிருந்தே பேசினாள்.

“எனக்குத் தெரியும் மாமா. எனக்குத்தான் மொதல்ல காட்டுனாரு. படகுக்காரனா போட்டுட்டாகன்னு அம்புட்டுச் சிரிச்சோம்.”

“தெரிஞ்சேவா கூட்டியாந்த?”

“வரைஞ்சவரே பாத்தேன்னு சொன்னா, அது நெசம்னு நானும் நம்பிக்கிருவேன்னு நெனச்சேன்.”

முத்திருளன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஏழு கல்லையும் ஆகாயத்தில் பறக்கவிட்ட எனக்கு, ஒரு மனுஷனைக் கார்த்திகையிலிருந்து மாசிக்கு நகர்த்தி உட்காரவைக்க வக்கில்லை. சாரதாம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள், ஒருவரும் தொடவில்லை.

“புதன்கெழமதான், மாறல,” என்று முத்திருளன் எழுந்தார். அவர் செருப்பைத் தேடிப் போனதும் ரோகிணி மேஜைக்கு அருகில் வந்தாள்.

“அண்ணே, நெசமாவே அவர எப்பவாச்சும் பாத்தீகளா?”

“பார்த்தேம்மா. அந்தச் சித்திரையில, பஞ்சர் கடையில.”

“பேசுனாரா?”

“பேசினார். என்னையா வரையிறீகன்னு கேட்டார். அப்படின்னா மீசைய மட்டும் கொஞ்சம் பெருசாப் போடுங்கண்ணே, வீட்ல பாத்தா மெச்சணும்னார்.”

அவள் முகம் முதல்முறையாக மலர்ந்தது. இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்து, முகத்தருகே கொண்டுபோய்த் தேடினாள். கட்டைவிரல் நகம் அளவுதான் முகம். அதில் துண்டின் நிழல் விழட்டும் என்று மூக்குக்குக் கீழே கறுப்பு மையை இழுத்துவிட்டிருந்தேன்.

“போடலையேண்ணே,” என்றாள்.

வெள்ளை மையையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்தேன். நிழலை அழித்துவிட்டு மீசை போட ஒரு நிமிஷம்கூட ஆகாது என்றேன்.

அவள் இரண்டு புத்தகங்களையும் மூடி மடியில் செருகிக்கொண்டாள்.

“வேணாம்ணே. அவரு பாக்கவா போறாரு.”