விசுவாசத்துக்கு ஒரு ஐஸ்பெட்டி

அந்த வண்டி வெள்ளையா நீலமா என்று எனக்குள் இன்னும் தகராறு. அண்ணி சகாயராணி நீலம் என்கிறார். அன்று பேசப்பட்டவை இதே வரிசையில்தான் வந்தனவா என்றும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் பேசாமல் இருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என் அண்ணன் அருள்நாதன் திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற வாத்தியார், கத்தோலிக்கர். அவர் மகள் ஜோஸ்பினைப் பெண் கேட்டு குஜிலியம்பாறையிலிருந்து பிராங்கிளின் மகனோடு வந்திருந்தார். அங்கே ஒரு சிறிய ஜெபவீட்டின் போதகர். அவர் மகன் நிஹாலும் ஜோஸ்பினும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள், ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள். அப்பாக்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று காலை ஜோஸ்பின் என்னை அடுப்படிப் பக்கம் இழுத்துப்போனாள்.

"சித்தப்பா, அப்பா வேதம் பேச ஆரம்பிச்சா நீங்க பேச்ச மாத்திவிடணும். சரியா?"

தலையாட்டினேன்.

கேசரி தீரும்வரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு அண்ணன், பங்குத் திருவிழாவில் வருசாவருசம் தான் நின்று பரிமாறும் கறிச்சோற்றைப் பற்றிச் சொன்னார்.

"நல்லது," என்றார் பிராங்கிளின். "ஆனா சோறு போட்டு மோட்சம் வாங்க முடியாதே. விசுவாசம் ஒண்ணுதான் ரட்சிக்கும். கிரியைய நம்பி ஒருத்தனும் கரையேற முடியாது."

நாங்கள் 'நற்செயல்' என்போம். அவர்களுக்கு அது 'கிரியை'. சூடு ஏறியதும் அண்ணனும் அவர் சொல்லையே பிடித்துக்கொண்டார்.

"கிரியை பண்ணலேன்னா உங்க விசுவாசம் செத்தாச்சு! செத்தத வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு நல்லுசாமி, தன் பூக்கடையிலிருந்து மல்லிகைப் பந்தோடு வாசலில் வந்து நின்றார். அவருக்குக் கிரியை என்றால் ஒன்றுதான்: இறந்தவருக்குச் செய்வது. முகம் வாடியது. பூவை ஜன்னலில் வைத்துவிட்டு வேகமாகத் திரும்பி நடந்தார். பார்த்தது நான் ஒருவன்தான்.

அரைமணி நேரம் வாதம் ஓடியது. பேச்சை மாற்ற மூன்று வாக்கியங்கள் மனதுக்குள் தயார் செய்தேன். மூன்றிலும் ஏதோ குறை.

பிராங்கிளின் எழுந்தார். "இந்தச் சம்பந்தம் சரிப்படாது. நிஹால், வா."

கதவோரம் நின்ற ஜோஸ்பின் என்னையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வாசலில் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் பிணம் வைக்கும் ஐஸ்பெட்டியை இறக்கினார்கள். பின்னால் நாற்காலி அடுக்கோடு நல்லுசாமி, டீ பிளாஸ்க்கோடு அழுதபடி அவர் மனைவி கண்ணம்மாள்.

"வாத்தியாரே, கவலப்படாதீக. பெட்டி வந்துருச்சு. கிரியைய நான் பாத்துக்கிடுறேன். எங்க கெடத்தியிருக்கீக?"

"யார?" என்றார் அண்ணன்.

"விசுவாசத்த."

நான் அறிந்த மௌனங்களில் மிக நீளமானது அதுதான். அதை உடைத்தது நான் என்றால் இன்றும் என் வீட்டில் நம்புவதில்லை.

"அது ஆளு இல்ல, நல்லுசாமி. வேதத்துல வர்ற விசுவாசம்."

"அப்ப உங்க சொந்தக்காரரு, நத்தத்துல லாரி ஓட்டுற விசுவாசம்?"

"அவரு கல்லு மாதிரி இருக்காரு!" என்றார் அண்ணி.

கண்ணம்மாள் அழுகையை நிறுத்தினார். "அப்ப நான் இம்புட்டு நேரம் யாருக்கு அழுதேன்?"

முதலில் சிரித்தது ஜோஸ்பின். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

"சார், ஆளு இருக்கா இல்லையா?" என்றார் வண்டிக்காரர்.

"இருந்தாரு தம்பி," என்றார் பிராங்கிளின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உயிர்த்தெழுந்துட்டாரு. பெட்டியத் தூக்கு."

நல்லுசாமி கொண்டுவந்த நாற்காலியிலேயே பிராங்கிளின் உட்கார்ந்து அவரிடம் கேட்டார். "அந்த லாரிக்காரர நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. வாத்தியார் வீட்டு ஆளு செத்துட்டாருன்னு காதுல விழுந்துச்சு. அது போதாதா?"

பிராங்கிளின் அண்ணன் பக்கம் திரும்பினார். "முப்பது வருசமாப் பிரசங்கம் பண்றேன். கேட்டத நம்பி, அந்த நிமிசமே ஓடுன ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"ஓட வச்சது விசுவாசமா, கிரியையா?" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"அண்ணே," என்றேன், "கல்யாணத்த தையில வச்சுக்கலாமா?"

தையில்தான் நடந்தது. ஜோஸ்பினும் நிஹாலும் இப்போது ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறார்கள், ஒரு மகள். பிராங்கிளின் திருவிழாதோறும் வந்து சோறு பரிமாறுகிறார், இதனால் மோட்சம் கிடைக்காது என்று பந்திக்குப் பந்தி சொல்லிக்கொண்டே. அண்ணன் அவரோடு வாதாடுவதை நிறுத்தவில்லை. லாரிக்கார விசுவாசம் நத்தத்திலிருந்து நல்லுசாமிக்கு ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணம்மாள் இப்போதெல்லாம் ஆளைப் பார்த்த பிறகுதான் அழுகிறார். நான் பழையபடி அதிகம் பேசுவதில்லை.