ஒரு கட்டை அதிகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு கதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது இருநூறு சொல்லில் ஒரு குறிப்பு. என் அக்கா மகள் பாடகி, வயது இருபத்து நான்கு. பழைய பாடல்கள் பத்தைத் தன் குரலில் பாடி ஓர் ஆல்பம் போடுகிறாள். அதன் அட்டைக்குப் பின்னால், இந்தப் பாடல்களோடு அவள் எப்படி வளர்ந்தாள் என்று தாய்மாமன் நாலு வரி எழுதவேண்டும். நாலு வரிக்காரன் பக்கம் பக்கமாக இழுத்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றும். தோன்றட்டும்.

இன்னொன்றும் இப்போதே சொல்லவேண்டும். எனக்கு டைப் அடிக்க வராது. பகுதி பகுதியாகக் கையால் எழுதி அக்காவிடம் கொடுப்பேன், அவள் கம்ப்யூட்டரில் அடித்துத் தருவாள். இருபது வருடம் வீட்டு முன்னறையில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தியவள். அடித்தது அடித்ததுதான், அழிக்க மாட்டாள். ஆகவே நான் பாதியில் கைவிட்ட வாக்கியங்களும் இங்கே அப்படியே நிற்கும். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் பேச்சு.

[எழுதினத எழுதினபடி அடிக்கிறதுக்குப் பேர்தான் டைப்பிங். இவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதையும் எழுதியிருக்கலாம்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்ற பாடகியின் கண்களில் —"

மழை பெய்யவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜன்னலே கிடையாது.

இரண்டாம் முயற்சி:

"அவளுடைய அப்பா இறந்துபோன அன்று வானொலியில் ஒலித்த —"

[டேய். அவர் உள்ள உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கார்.]

மன்னிக்கவும். ஒரு அப்பாவைக் கொன்றால் கதைக்குக் கனம் கூடும் என்று ஒரு நப்பாசை. அத்தான் தங்கமான மனிதர். இந்தக் கதையில் வெங்காயம் உரிப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. நன்றாக இருக்கட்டும்.

மூன்றாம் முயற்சி, நடந்தது நடந்தபடி:

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு என் அக்கா மகள் நிற்கிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் கீச்சு. பேசத் தொடங்கிய நாளிலிருந்தே எல்லாவற்றையும் உச்சத்தில்தான் பேசுவாள் என்பதால் நான் வைத்த பெயர். இப்போது அந்த உச்சத்துக்குத்தான் ஊரே டிக்கெட் வாங்குகிறது. ஒன்பது பாட்டு முடிந்துவிட்டது. பத்தாவது பாட்டில் ஒரு வரி மட்டும் ஏணி வைத்து ஏறவேண்டிய உயரம். பதினேழாவது தடவையாக அங்கே போய், பதினேழாவது தடவையாகக் குரல் உடைந்தது.

"கொஞ்சம் இறக்கிப் பாடலாமே மேடம்" என்றார் ஒலிப்பதிவாளர். "யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல? மொதல்ல பாடின அந்தம்மா இந்தச் சுருதியிலதானே பாடினாங்க. அவங்க தொண்டை என்ன தங்கத்துல செஞ்சதா? அவங்களால முடிஞ்சது என்னால ஏன் முடியாது?"

அவள் தொண்டை தங்கத்தில் செய்ததல்ல என்பதற்கு மருத்துவரின் சீட்டு இருக்கிறது. குரல்நாணில் மிளகு அளவுக்கு ஒரு தடிப்பு. உச்சத்தில் இன்னொரு முறை இழுத்துப் பாடினால் கிழியலாம், அப்புறம் கத்திதான், அதற்குப் பின் இந்தக் குரல் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும். கீச்சு அவரிடம் சொன்ன பதில்: "வெள்ளிக்கிழமை அந்த ஒரு பாட்ட முடிச்சிட்டு வாய மூடிக்கிறேன் டாக்டர்."

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குக் கடைசிப் பதிவு. இந்தக் கதைக்கு இருக்கும் நேரமும் அதுவரைதான்.

3

இந்த ஆல்பத்துக்குக் கீச்சு ஒரு சட்டம் போட்டிருந்தாள். மூலப் பாடல்களை யாரும் கேட்கக் கூடாது. அவளும் கேட்க மாட்டாள், வாத்தியக்காரர்களும் கேட்கக் கூடாது. சிறுவயதில் காதில் விழுந்தது எப்படி மனதில் தங்கியிருக்கிறதோ அப்படியே பாடவேண்டும். கேட்டால் காப்பி அடித்துவிடுவோம் என்று பயம். நல்ல சட்டம். பேட்டிகளில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும்.

செவ்வாய் மதியம் ஒலிப்பதிவாளர் என்னைத் தேநீர் குடிக்க வெளியே அழைத்துப் போனார். பயந்த சுபாவம். டம்ளரைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"சார், ஒரு தப்புப் பண்ணிட்டேன். ஒரிஜினலக் கேட்டுட்டேன்."

"கேட்டா கேட்டுட்டுப் போங்க. நான் சொல்ல மாட்டேன்."

"அது இல்ல சார். அந்தம்மா இந்தச் சுருதியில பாடவே இல்ல. ஒரு கட்டை கம்மி. வேகமும் கம்மி. அது ஆற அமரப் பாடுற பாட்டு சார், தொட்டில் ஆட்டுற மாதிரி. நம்ம மேடம் பஸ்ஸப் பிடிக்க ஓடுற மாதிரி பாடுறாங்க."

"மத்த ஒன்பது?"

"ஒன்பதும் அப்படித்தான். எல்லாத்துலயும் கணக்கா ஒரு கட்டை ஏத்தம்."

(கட்டை என்றால் சுருதியின் படி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது கண்ணுக்கு விரல் அகலம்தான். தொண்டைக்கு அது ஒரு மாடி.)

"நீங்களே சொல்லிடுங்களேன்" என்றேன்.

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம் சார். வேலை வேணும். நீங்க அட்டைக்குப் பின்னாடி ஏதோ எழுதுறீங்களாமே, அதுல பட்டும் படாமலும் சொல்லிடுங்க."

அட்டை அச்சாவது அடுத்த மாதம். பதிவு இந்த வெள்ளி. அந்த அவசரத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

பத்துப் பாட்டும் ஒரே அளவு ஏறியிருந்தால் பிசகு பாடகியின் ஞாபகத்தில் இல்லை, அவள் கேட்ட கருவியில் இருக்கிறது. அந்தக் கருவி அக்காவின் டேப் ரெக்கார்டர். முன்னறையில் பதினான்கு டைப்ரைட்டர்கள். பழைய பாட்டைப் போட்டுவிட்டால் மாணவிகள் தாளத்துக்கு விரலை ஓட்டுவார்கள். கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம், அதுதான் ஒரு வகுப்பு. டேப் நிற்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. மூலையில் ஒரு பாயைப் போட்டுக் கீச்சுவை உட்கார வைத்திருப்பாள். மூன்று வயதுக் குழந்தை எழுத்துப் படிக்கும் முன்பே அந்தப் பத்துப் பாட்டையும் ஒப்பித்தது.

அந்த டேப் ரெக்கார்டர் பழசானதால் தானாகவே வேகம் கூடிப்போய் —

[பழசானா வேகம் குறையும். கூடாது.]

இந்த வாக்கியத்தை இப்போதைக்கு விடுவோம்.

5

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: ஒலிப்பதிவாளர் வீரம் வந்து தானே சொல்லிவிடுகிறார். (அவர் தேநீர் குடித்த அழகைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.)

இரண்டாம் முடிவு: வெள்ளியன்று மின்சாரம் போய்விடுகிறது. (கூடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.)

மூன்றாம் முடிவு: கீச்சு அந்த வரியைத் தொட்டுவிடுகிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். அவள் நன்றி சொல்ல வாய் திறக்கிறாள். சத்தம் —

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றையும் பார்த்துவிட்டு நீங்கள் கேட்கக்கூடிய கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். மூன்றிலும் அந்தத் தாய்மாமன் எங்கே போனான்?

6

ஆமாம், இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் அவன்தான். தூக்கி வளர்த்த பெண்ணின் குரல் போகப்போகிறது, காரணம் தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் போதும். செவ்வாய் மதியமே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவேண்டாமா? இப்படி ஒரு பாத்திரத்தை வேறு யாராவது எழுதியிருந்தால், ஆள் சரியில்லை என்று நானே விமர்சனம் எழுதியிருப்பேன்.

அவன் முயற்சி செய்யாமல் இல்லை. புதன்கிழமை அவள் அறைக்குப் போனான். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கீச்சு, ஒரு கட்டை இறக்கிப் பாடேன்."

"யாரு, ஸ்டுடியோக்காரர் தூது அனுப்பினாரா?" துண்டுக்குள்ளிருந்தே கேட்டாள்.

"இல்ல, நானாத்தான் சொல்றேன். ஒருவேளை அந்தப் பாட்டே கொஞ்சம் தாழ்வா இருந்திருக்கலாம். யார் கண்டா?"

துண்டை விலக்கிப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை. "மாமா, உங்க கதையில என்னிக்காவது யாராவது எதையாவது நேராச் சொல்லியிருக்காங்களா?"

"சொல்ல வந்தத —"

"மூணு வயசுலேர்ந்து இந்தச் சுருதியிலதான் பாடுறேன். என்னைத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அந்த உச்சத்த வச்சுத்தான் தெரியும். அத இறக்கிட்டா அப்புறம் நான் யாரு, சொல்லுங்க."

அவளுக்குத் தெரியவேண்டியது அதுதான். அவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டான். ஏனென்றால் பதிலுக்குள் அவனே உட்கார்ந்திருந்தான். சரி, அவன் இவன் என்று எத்தனை நேரம் ஒளிந்துகொள்வது. நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது வேலை கிடைக்கவில்லை. டைப்பிங்காவது கற்றுக்கொள் என்று அக்கா கடைசி டைப்ரைட்டரில் உட்கார்த்திவிட்டாள். ஐந்து மணி வகுப்பு. டேப் நிற்கும்போது ஐந்தே முக்கால். ஐந்து நாற்பத்திரண்டு பஸ்ஸில் ஒருத்தி போவாள். எனக்கு அந்த பஸ் வேண்டும்.

[அவளுக்கும் நான்தான் டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன், காலை வகுப்பு. அவளுக்கு இவனப் பிடிக்காது.]

டேப் ரெக்கார்டரின் மோட்டாரில் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே ஒரு ஸ்க்ரூ. கொஞ்சம் திருகினால் டேப் வேகமாக ஓடும். திருகினேன். நாற்பத்தைந்து நிமிடம் நாற்பதாயிற்று. எனக்கு பஸ் கிடைத்தது. கூடவே பாட்டெல்லாம் ஒரு கட்டை ஏறியது, அது எனக்குத் தெரியாது, என் காது அப்படி. மூலையில் பாயில் இருந்த குழந்தை அதைப் பாட்டென்று நம்பியது. இருபத்தோரு வருடமாக நம்பி, அந்த உயரத்தில் நிற்பதற்காகத் தொண்டையை ரணமாக்கிக்கொண்டிருக்கிறது.

கீச்சு, நான் வெட்கப்படுகிறேன். பயமாகவும் இருக்கிறது. உன் குரல் போய்விடுமோ என்ற பயம் பாதி. இனிமேல் என்னை மாமா என்று கூப்பிட மாட்டாயோ என்ற பயம் மீதி. செவ்வாயிலிருந்து இந்த இரண்டாம் பாதிதான் என் வாயைக் கட்டிப்போட்டது.

இனி முடிவு. அடுத்த பக்கத்தில் நான் எழுதியிருப்பது —

7

[இதுக்கு மேல நான் அடிக்கப் போறதில்ல.

இருபது வருஷத்துல ஒரு எழுத்தக்கூட நான் விட்டு அடிச்சதில்ல. இன்னிக்கு ஒரு முழுப் பக்கத்த விடுறேன். அவன் என்ன முடிவு எழுதியிருக்கான்னு படிக்கவும் இல்ல. மடிச்சு டம்ளருக்கு அடியில வச்சுட்டேன்.

டேய், நீ ஸ்க்ரூவத் திருகினது எனக்கு அந்த வாரமே தெரியும். சுவர்ல கடிகாரம் அழகுக்கா மாட்டியிருந்தேன்? பழையபடி திருப்பி வைக்கத்தான் ஸ்க்ரூடிரைவர எடுத்தேன். அந்த மாசம் வேகப் பரீட்சைக்குப் போன பதினாலு பேரும் பாஸ். எடுத்தத அப்படியே டிராயர்ல போட்டு மூடிட்டேன். வகுப்புக்கு நல்ல பேர் வந்துச்சு. பாய்ல ஒண்ணு உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருக்குன்னு எனக்கு நினைப்பே வரல. அவ மேடையில அந்த உச்சத்துக்கு மூச்சு முட்டிப் போறப்பல்லாம், எம்பொண்ணுக்கு என்ன குரல்னு முதல் வரிசையில உட்கார்ந்து கை தட்டியிருக்கேன்டா.

அதனால தப்புல பாதி என்னுது. முழுசையும் நீ எடுத்துக்கிட்டுப் பெரிய மனுஷன் ஆகாத.

இத்தன பக்கம் எழுதியிருக்க. அவகிட்ட சொல்லவேண்டியது ஒரே வரி. இப்ப வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால். உன் வீட்டுலேர்ந்து இங்க பத்து நிமிஷ நடை. அவ பக்கத்து அறையில கிளம்பிக்கிட்டிருக்கா. நான் போய்க் கதவத் தட்டி என் பாதியச் சொல்லப்போறேன். உன் பாதிய நீ வந்து சொல்லு, காகிதத்துல இல்ல, வாயால. கேட்டுட்டு அவ அழுவாளோ, உன்ன அடிப்பாளோ, இறக்கிப் பாடுவாளோ, பிடிவாதமா அதே உயரத்துல ஏறுவாளோ, எனக்குத் தெரியாது. தெரிஞ்சு ஏறுறதும் தெரியாம ஏறுறதும் ஒண்ணு இல்ல.

படிக்கிறவங்க கோவிச்சுக்கக் கூடாது. முடிவ உங்களுக்கு முன்னாடி கேட்கவேண்டியவ அவ. இத அவன் போனுக்கு அனுப்பிட்டுக் கம்ப்யூட்டர மூடுறேன்.]