அஞ்சலி லேபுக்கு மருதாணி இட்டுவந்த நாள்

இரண்டு உள்ளங்கையிலும் ஈர மருதாணியோடு அஞ்சலி லேபுக்குள் நுழைந்ததும், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றே முதலாண்டுப் பிள்ளைகள் நினைத்தார்கள். அவள் ஜன்னல்களை அடைக்கச் சொன்னாள். ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு மருதாணி சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்தால் கை சும்மா இருக்காது.

அந்தக் கைதான் வினையே. மூன்றாம் ஆண்டு படிக்கும் அஞ்சலியை, எலெக்ட்ரானிக்ஸ் லேபில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உதவச் சொல்லி ஞானசெல்வி மேடம் போட்டிருந்தார். அவளும் உதவினாள், அப்படி உதவினாள். "அக்கா, எரியல" என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஓடிப்போய் சர்க்யூட் பலகையிலிருந்து வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகிவிட்டு அடுத்த மேசைக்குப் பறந்துவிடுவாள். விளக்கு எரியும். தனியாளாய்த் தேரை நிலைக்குக் கொண்டுவந்த மாதிரி அவளுக்குப் பெருமையாக இருக்கும். போன வாரத் தேர்வில், அவள் இல்லாமல், அதே பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். இரண்டு விளக்குகள்தான் எரிந்தன.

"நீ படிப்பிக்க வந்தியா, அவங்களுக்குப் பதிலா பரீட்சை எழுத வந்தியா?" என்று மேடம் கேட்டார். "வெள்ளிக்கிழம மறுதேர்வு. அதுலயும் இப்பிடின்னா நீ இங்க வரண்டாம் மக்கா."

மக்கா என்று செல்லமாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்று அஞ்சலிக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் முழுக்க அவள் காத்திருப்பதே இந்த லேபுக்காகத்தான். அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும், தொடாதே என்று சொன்னால் அந்தக் கை கேட்காது. அதனால்தான் மறுதேர்வுக்கு முந்தைய கடைசிப் பயிற்சியான இன்று, ஹாஸ்டல் தோழி ரெனிஷாவிடம் இரண்டு கையையும் நீட்டிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, எரியல." மூன்றாவது மேசையில் மரியஜான்.

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பலகையின் மேல்வரிசையில் கரண்ட் போகும் தடம் நடுவில் அறுந்து கிடக்கும். ஒரு துண்டு வயர் போட்டுச் சேர்த்தால் முடிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மீட்டர் வச்சு பாத்தியா?"

"ஒம்பது வோல்ட்டு காட்டுது அக்கா."

"எங்க வச்சு பாத்த?"

"தொடக்கத்துல."

"பொறவு?"

அவன் பலகையையே உற்றுப் பார்த்தான். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவர்கள்கூட இத்தனை பாடுபட மாட்டார்கள். அவளையறியாமல் கை பலகைக்கு நீண்டது.

மரியஜான் முழங்கையால் தடுத்தான். "சும்மா இரிங்க அக்கா. நான் பாக்கேன்."

அவனுடைய வெள்ளைச் சட்டையில் மருதாணி அப்பியது. அவன் கவனிக்கவில்லை. மீட்டரின் முனையை ஓட்டை ஓட்டையாக நகர்த்திக்கொண்டிருந்தான். என்னையே தடுக்கிறானே என்று அஞ்சலிக்கு முதலில் சுருக்கென்று வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, அதை அடக்கப் படாதபாடு பட்டாள்.

"லேய், பாதிக்குப் பொறவு கரண்டே இல்ல. நடுவுல அத்துருக்கு."

அதை அவன் அவளிடம் சொல்லவில்லை, பக்கத்து மேசை ஜெபசீலனிடம் சொன்னான். ஜெபசீலன் வந்தான், இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். சின்ன வயர் எங்கே என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் பலகையின்மேல் குனிந்துகொண்டார்கள். அக்கா என்று ஒருவரும் திரும்பவில்லை. அஞ்சலி பின்னால் நின்று நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள். தலைகள்தான் தெரிந்தன.