நாலு முறை அவிழ்ந்த கயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறரைக்கெல்லாம் சாபிரா துடைப்பமும் சாக்குமாகப் பூங்காவுக்குள் நுழைந்தாள். சென்னை கல்மண்டபத்தில், பூங்காவுக்கு எதிர்வீட்டில் துணி தைத்துப் பிழைப்பவள். வாரம் ஒருநாள் பூங்காவைச் சுத்தம் செய்வோம் என்று இரண்டு வருடத்துக்கு முன் பதினோரு பேர் கிளம்பினார்கள். இப்போது மிஞ்சியது அவளும், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பீம்ராவும்தான்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்றார். "இன்னாமா, அந்த மூலையில குப்பை அப்டியே கீது?"

"சார், நாங்க சம்பளத்துக்கு வர்ல."

"அப்போ எதுக்கு வர்றீங்க?" உண்மையிலேயே புரியாமல் கேட்டுவிட்டு அவர் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

பல்லைக் கடித்துக்கொண்டு சாபிரா ஊஞ்சல் பக்கம் போனாள். ஊஞ்சலின் ஒரு சங்கிலி தேய்ந்து அறுந்துவிடும் நிலையில் இருந்தது. மாநகராட்சிக்கு இரண்டு மனு கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. அதனால் பலகையைத் தூக்கிக் கம்பத்தோடு கயிற்றால் கட்டி, 'ஆபத்து, ஆடாதீர்கள்' என்று அட்டையும் மாட்டியிருந்தார்கள். இப்போது கயிறு அவிழ்ந்து கிடந்தது. அட்டை மண்ணில் கிடந்தது. இது மூன்றாவது தடவை.

"பேஜாரா கீதும்மா. எத்தினி தபா கட்றது?" என்று அலுத்துக்கொண்டே பீம்ராவ் மறுபடியும் முடிச்சை இறுக்கினார்.

புதன்கிழமை மாலை அலறல் கேட்டு சாபிரா தையலைப் போட்டுவிட்டு ஓடினாள். சங்கிலி அறுந்து, ஆறு வயது மகிமா கீழே விழுந்திருந்தாள். மோவாய் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவளுடைய அப்பா, செல்போன் கடை வைத்திருக்கும் ஆன்றோ, குழந்தையை வாரி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

கூட்டம் சாபிராவின் பக்கம் திரும்பியது.

"பார்க்கைப் பாத்துக்கறோம்னு போட்டோ புடிச்சி நெட்ல போட்றீங்க, இத்தப் பாக்க மாட்டீங்களா?"

இனி இந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

ஞாயிறன்று, துடைப்பத்தை பீம்ராவிடம் ஒப்படைக்கத்தான் போனாள். அங்கேயும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு அதையே கேட்டார்கள். அப்போது ஆன்றோ வந்தார். மகளுக்கு ஆறு தையல் போட்டிருந்தது.

"அக்காவை ஏசாதீங்க," என்றார். "கயித்தை அவுத்தது நான்தான். நாலு தடவையும் நான்தான். பிள்ளை அழுதா. அட்டையை வாசிச்சிட்டேதான் அவுத்தேன். ஒரு ஆட்டம் ஆடினா என்ன ஆயிரும்னு நெனச்சிட்டேன்."

சாபிராவுக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. அவர் கண் கலங்கி நின்றதைப் பார்த்ததும் கை எழவில்லை.

"நாலு தபா நாங்க கட்னோம், நாலு தபா நீ அவுத்தே. ஒரே ஒரு தபா எங்கூட மனு குடுக்க வந்திருந்தா, ஊஞ்சலே சரியாயிருக்கும் தம்பி!"

மறுநாள் ஆன்றோவே வீடு வீடாகப் போய்க் கூப்பிட, பதினாறு பேர் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். மனுவை வாங்கியவர் எரிச்சலோடு நிமிர்ந்தார். "ஒரு சங்கிலிக்கு இத்தனை பேரா? ஒருத்தர் வந்தா பத்தாதா?"

"ஒருத்தியா ரெண்டு தபா வந்து பாத்துட்டேன் சார்," என்றாள் சாபிரா. "பார்க்கு எல்லாருக்கும் சொந்தம்னா, அதுக்காக வந்து நிக்க வேண்டியதும் எல்லாரும்தான்."