உப்பில்லாத நெத்திலிக் குழம்பு

போன வருஷம் கலைந்துபோன கரு ஜானட்டின் மனசை விட்டுக் கலையவில்லை. அந்தப் பயத்தில்தான் இந்த முறை மாதாவிடம் வாய்விட்டு நேர்ந்துகொண்டாள். தவக்காலம் முழுக்க மீன், கறி, முட்டை எதையும் தொடமாட்டேன், பிள்ளையை மட்டும் நல்லபடியாகக் கொடு என்று. மாமியார் சிலுவையம்மாள் காசிமேட்டில் மீன் விற்கிறவள். அந்த வீட்டு மருமகள் பிடித்த பிடிவாதத்தைப் பாருங்கள்.

கஞ்சியும் பன்னும் வாழைப்பழமுமாக வயிற்றை ரொப்பிக்கொண்டிருந்தவளை டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். "சக்கரை ஏறிப்போச்சு. கஞ்சியைக் குறை. மீன், முட்டை, பருப்பு சாப்பிடு, சாப்பிட்டதும் நட. இப்படியே விட்டா பிள்ளைக்கும் பின்னாடி சக்கரை வர வாய்ப்பு அதிகம்."

பருப்பு வாயில் வைத்தாலே குமட்டியது. நடக்கக் கூடாதென்று நேர்ந்துகொள்ளவில்லை என்பது ஒன்றுதான் மிச்சம். ஆகவே நடந்தாள். கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் ரோட்டில் நடக்க முடியாமல் மொட்டைமாடியில் நடந்தாள். வார்த்தை தவறினால் மாதா பிள்ளையை எடுத்துக்கொள்வாளோ? தவறாவிட்டால் பிள்ளையும் புருஷன் சாவியோ மாதிரி ஆகுமோ? அவன் முப்பது வயசிலேயே சக்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஹார்பர் வேலைக்குக் கிளம்புகிறான். உட்கார்ந்தால் எழவேண்டும் போலிருந்தது, எழுந்தால் அழவேண்டும் போலிருந்தது.

மத்தியானம் மாடிப்படியில் சிலுவையம்மாளின் குரல் ஏறி வந்தது. "இன்னாடி, கூண்டுப் புலி கணக்கா சுத்திகினு கீற? எறங்கி வா."

கீழே கொஞ்சம் சோறு, நிறைய நெத்திலிக் குழம்பு, அவித்த முட்டை.

"அத்த, நான் நேர்ச்சை..."

"அத நான் எடுத்துக்கினேன். காலைல கோயிலுக்குப் போயி மாதாகிட்ட சொல்ட்டேன். ஈஸ்டர் வரைக்கும் நான் கவிச்சி தொடமாட்டேன், நீ துன்னு."

ஜானட்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் கருவாடாவது கேட்கிற பொம்பளை இவள். "சும்மா சொல்ற. உன்னால முடியாது அத்த."

"எனக்கும் சக்கர, என் புள்ளைக்கும் சக்கர. இத்தோட நிக்கட்டும்டி. மாதாவும் புள்ள பெத்தவதான், அவளுக்குத் தெரியும்." சொல்லிவிட்டு சிலுவையம்மாள் தன் தட்டில் கேழ்வரகுக் களியையும் கீரையையும் போட்டுக்கொண்டு, குழம்புச் சட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஜானட் நம்பாமல்தான் ஒரு வாய் வைத்தாள். குழம்பில் உப்பே இல்லை. உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்காமல் ஒரு நாளும் சட்டியை இறக்காதவள் சிலுவையம்மாள். இன்றைக்கு இறக்கியிருக்கிறாள்.

"உப்பு சரியா கீதாடி?"

"சரியா கீது அத்த," என்றாள் ஜானட், அடுத்த வாய்க்குப் பிசைந்தபடி.

"அப்ப துன்னுட்டு எழுந்திரு. நானும் கூட நடக்கறேன்."